மீண்டும் எடுக்கவும்

அக்கரப்பத்தனை மேல்பிரிவு, ஏழாம் நம்பர் மலை.
நேற்றுவரை கொப்பி. இன்றிலிருந்து செயலி.
கொழுந்தில் கொப்புள நோய் கண்டால்
கிட்டப்போய் ஒரு படம்,
சட்டத்துக்குள் இலை மட்டும்,
மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்றார்கள்
அட்டன் ஹோட்டலில் நடந்த ஒருநாள் பயிற்சியில்.
பகல் சாப்பாடு நல்லாயிருந்தது.

கிட்டப் போகிறேன்.
கொப்புளம் ஒரு மிளகளவுதான்,
வெளிறி, எண்ணெய் பட்ட காகிதம்போல்.
கண்ணுக்குத் தெரிகிறது.
ஃபோனுக்குத் தெரியவில்லை.
பச்சையாய் ஒரு கலங்கல்,
தெளிய வந்து, தெளிவதற்குள்
மறுபடி கலங்குகிறது.
உள்ளே ஏதோ ஒன்று
முன்னும் பின்னும் நகர்ந்து தேடுவது
உள்ளங்கையில் துடிக்கிறது.

தெளிவாக இல்லை. மீண்டும் எடுக்கவும்.

திரையில் இலை இருந்த இடத்தைத் தொட்டேன்.
மஞ்சள் கட்டம் வந்தது, நின்றது,
பிறகு இலையைத் தாண்டிப் போய்
எதிர்மலைக் கோயில் கோபுரத்தில் ஒட்டிக்கொண்டது.
ரெண்டு கட்டை தூரம்.
ஒலிபெருக்கியின் வாய்கூடத் தெரிந்தது.

இதே ஃபோனில் சும்மா கெமராவைத் திறந்தால்
திரையோரம் ஒரு குட்டிப் பூ வரும்,
எறும்பின் மீசைகூட விழும்.
செயலிக்குள் அந்தப் பூ இல்லை.
அங்கே எடுத்து இங்கே போடலாமென்றால்
கேலரிப் படம் ஏற்கப்படாது.
வீட்டில் படுத்துக்கொண்டே
மலை பார்த்ததாய்க் காட்டிவிடுவோமாம்.

‘பின்னுக்குப் போ புள்ள’ என்றாள் செபமாலை.
‘மக கல்யாணத்துல போட்டோக்காரன்
எல்லாரையும் அப்பிடித்தான் வெரட்டுனான்.’

ஒரு சாண் பின்னுக்குப் போனேன்.
இலை தெளிந்தது, கொப்புளம் புள்ளியாய்ப் போனது,
செடி வந்தது, அவள் படங்கு வந்தது,
கூடையின் வாய், அதில் காலையிலிருந்து
கிள்ளிப் போட்ட கொஞ்சம்.
நெருங்கிச் செல்லவும், என்றது.

காற்றுக்கு ஆடாமலிருக்க
கிளையை அவள் தன் பக்கம் இழுத்துப் பிடித்தாள்.
இலை முன்னால், விரல் ஒரு சாண் பின்னால்.
அப்போதுதான் பிடித்தது ஃபோக்கஸ்.
இலையில் இல்லை.
பெருவிரலில், கறை ஏறிய வெடிப்புகளில்,
ஒவ்வொன்றும் தனித்தனியாய்,
ஆட்காட்டி விரலில் சுற்றிய பிளாஸ்டரின்
பிரிந்த நூல்வரை.
நான் எடுத்ததிலேயே ஆகக் கூர்மையான படம்.

சட்டத்துக்குள் வேறு பொருள் உள்ளது. அகற்றவும்.

‘என்னவாம்?’
‘கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுது.’
‘நீ அதோட மல்லுக்கட்டு.
எனக்கு இன்னும் ஒம்பது கிலோ இருக்கு,
இல்லாட்டி அரைப் பேர்தான்.’
கிளையை விட்டாள்.
அது கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு தூறல்.
கீழேயிருந்து மூடுபனி ஏறிக் கோபுரத்தை விழுங்கியது.
ஓடிப்போக இனி உனக்கு இடமில்லை என்று
கெமராவிடம் சொன்னேன்.
மூடுபனியிலேயே போய் நின்றுகொண்டது.

பதினேழாவது தடவை
கோபத்தில் ஃபோனைக் கவிழ்த்து
இலைமேலேயே கொண்டுபோனதில்
லென்ஸ் முட்டி, இலையின் துளி லென்ஸுக்கு மாறியது.
துடைக்கப் போன கை நின்றது.

திரை முழுக்கக் கொப்புளம்.
மா தூவியதுபோல் வெள்ளைத் துகள் மேவிய மேடு,
சுற்றிலும் நரம்புகள்
தோட்டத்து ரோட்டுகளாய் வளைந்து வளைந்து,
ஒரு ஓரத்தில் இன்னும் பச்சையாயிருந்த இடம்.
மூச்சு விட்டால் துளி விழும்.
மூச்சு விடாமல் அமுக்கினேன்.

ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பிறகு ஒரு வட்டம் சுழல ஆரம்பித்தது.
ஏழாம் நம்பரில் சிக்னல் இல்லை.
சுழலட்டும் என்று அடுத்த செடிக்குப் போனேன்.
அதில் ரெண்டு கொப்புளம், பக்கத்துப் பக்கத்தில்.
ஃபோனைக் கவிழ்த்தேன்.
பழைய பச்சைக் கலங்கல்.
துளியைக் காணவில்லை.
நானேதான் துடைத்திருக்கிறேன்,
நடந்து வருகையில், பழக்கத்தில்,
சட்டை நுனியால்.