சிவப்புக் கோடு

இந்தத் தொடரில் ஒன்றும் நடப்பதில்லை
என்று ரெனாட்டோவிடம் சொன்னேன்.
பிறகு ஏன் பார்க்கிறாய் என்றான்.
மணிக்கட்டில் ஸ்கேனர் கத்தியது.
பதில் தேடுவதற்குள் மூன்று பெட்டி பிந்திவிட்டேன்.

மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு பெட்டி.
கழிப்பறைக்குப் போனால் அதற்கும் கணக்கு.
வின்னிபெக்கின் வடமேற்கு மூலையில்
ஜன்னலில்லாத அந்தக் கிடங்குக்கு
என் பெயரைவிட என் வேகத்தை நன்றாகத் தெரியும்.

விடிய, காரின் மூக்கில் தொங்கும் வயரைத்
தூணில் செருகுகிறேன்.
பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று,
விட்டால் எஞ்சின் உறைந்துவிடும்.
பூட்ஸைக் கழற்றாமலே சோஃபாவில் சரிந்து
சலவைக்கடையைத் திறக்கிறேன்.

ஜப்பானில் ஏதோ கடலோர ஊர். வரைந்த ஊர்.
காசு போட்டுத் துவைக்கும் கடையில் நவோவுக்கு வேலை.
எவனோ விட்டுப்போன நீலச் சட்டையை
ஒன்பதாம் பகுதியில் அவள் இஸ்திரி போடுகிறாள்
நாலு நிமிடம்.
முழுதாக நாலு நிமிடம்.
காலர், கைமடிப்பு, பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவே
அந்தச் சின்னச் சின்ன இடங்கள்.
ஆவி எழுந்து அவள் மூக்குக்கண்ணாடியை மூடுகிறது.
அவள் துடைக்கவில்லை.
நிற்கிறாள்.
அதுவாகத் தெளிகிறது.
இசைகூட இல்லை. வெளியே மழை, ஒரு சைக்கிள்.

அழுதேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள்.
சட்டைக்காக அல்ல.
யாரோ இருந்து, தாள் தாளாக
அந்த ஆவியை வரைந்திருக்கிறார்கள்,
ஒருவரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை
என்று நினைத்துக்கொண்டேன்.
அவசரப்படுத்தியிருப்பார்கள், தெரியும்.
எங்கும் ஒரு ஸ்கேனர் இருக்கும்.
ஆனால் ஆவியில் அது தெரியவில்லை.

சர்மினி போய் ஏழு மாதம்.
செயின்ட் வைட்டலில் தங்கை வீட்டில் இருக்கிறாள்.
பெரிய சண்டை என்று ஒன்றுமில்லை.
நான் வேகமாகக் கதைப்பேன்,
அவள் தொடங்கிய வசனத்தை
நானே முடித்து வைப்பேன்,
பிழையாக.
ரைஸ் குக்கர் அவளுக்கு, மேசை எனக்கு.
சந்தாவை மட்டும் பிரிக்க மறந்துபோனோம்.

ஆறாம் பகுதியில் விட்டிருந்தேன்.
அடுத்த நாள் சிவப்புக் கோடு
ஏழில், பன்னிரண்டாம் நிமிடத்தில் நின்றது.
நித்திரையில் பார்த்தேனோ என்றுதான் முதலில்.
பிறகு விளங்கியது.
இன்னொருத்தியும் அதே கடைக்கு வந்து போகிறாள்.

அதன்பிறகு நான் அவளை முந்துவதில்லை.
அவள் பார்த்த அளவுக்குத்தான் பார்ப்பேன்.
முடிந்ததும் கோட்டைப் பிடித்து இழுத்து
அவள் விட்ட இடத்திலேயே வைத்துவிட்டுப் படுப்பேன்,
எடுத்த பொருளை
வீட்டுக்காரர் எழும்புமுன் திருப்பி வைப்பதுபோல.
சில கிழமைகள் அவள் வருவதேயில்லை.
நவோவின் கடைக்குப் பூட்டு.
நானும் வெளியே நிற்பேன்.

ஓடுகிற படங்களில் மனிதர்கள்
ஒருவரையொருவர் காப்பாற்றுகிறார்கள்.
இதில் ஒருத்தி குடையை மடக்கி
தண்ணீர் வடியும்வரை கதவடியில் நிற்கிறாள்.
ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிடுகிறாள்.
என்ன சொல்ல வந்தாள்?
எனக்குத் தெரியாது, ரெனாட்டோ.
முதல் தடவையாக
நான் அதை முடித்து வைக்கவில்லை.

முந்தாநாள், பதினோராம் பகுதி.
சர்மினி எட்டாம் நிமிடத்தில் விட்டிருந்தாள்.
முந்தக் கூடாதுதான், ஆனாலும் போனேன்.
சட்டைக்காரன் கடைசியில் வந்துவிட்டான்.
உள்ளே விளக்கு எரிகிறது.
கதவைத் தொடாமல் நிற்கிறான்,
கண்ணாடியில் அவன் மூச்சு மட்டும்.
அங்கே நிறுத்தினேன்.
கோட்டைத் திருப்பி வைக்கவில்லை.

இன்று காலை வயரைச் செருகிவிட்டு வந்து பார்த்தால்
கோடு முன்னுக்கும் போகவில்லை,
எட்டாம் நிமிடத்துக்கும் திரும்பவில்லை.
நான் விட்ட இடத்திலிருந்து
பத்து விநாடி பின்னால்.
அவன் இன்னும் வரவில்லை, தெரு மட்டும் இருக்கிறது,
மழை இப்போதுதான் விட்டிருக்கிறது.

கேத்தலை வைத்தேன்.
குனிந்து பூட்ஸின் கயிற்றை
ஒவ்வொரு கண்ணாகத் தளர்த்தினேன்.