தடை

ரிச்சி தெருவில் மீட்டர் விற்கும் கடையில்
ஆறு வருஷமாய் நிற்கிறேன்.
ஒரே ஸ்டூல்தான், அது துளசிங்கத்துக்கு.
முதலாளி.

ஏப்ரல் கடைசியில் அவன் வந்தான்.
கம்பெனி அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்திருந்தும்
பெயர் மட்டும் எட்டிப் பார்த்தது: எபினேசர்.
டிஷ்யூ பேப்பரைப் பிரித்து
கொத்தமல்லி விதை அளவில் ஒரு காயிலைக்
கண்ணாடி மேல் வைத்தான்.
'எத்தனை ஓம்ஸ்னு பாக்கணும்க்கா.'
எதுக்குள்ள இருந்துச்சு?
'டார்ச்.'

டார்ச்சுக்குள் பஞ்சு இருக்காது.
டார்ச் ஸ்ட்ராபெர்ரி மணக்காது.
கருகின ஸ்ட்ராபெர்ரி, அதற்கு அடியில்
மிக்சி மோட்டார் போகும்போது வருமே, அந்த நெடி.
நான் கேட்காமலே குனிந்து சொன்னான்:
'இதுக்குத் தடை இருக்கு, தெரியும்ல?'
எல்லாத்துக்கும் இருக்கும்ங்க.
அளந்தாத்தான் எவ்ளோன்னு தெரியும்.
சிரிக்க அவனுக்கு ரெண்டு நொடி பிடித்தது.

சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும்
முதலில் ஒன்றோடொன்று தொட வேண்டும்.
சும்மா தொட்டாலே புள்ளி ரெண்டு காட்டும்,
அது ஒயரின் சொந்தக் கணக்கு.
கழித்தேன். ஒண்ணு புள்ளி ரெண்டு.

'எவ்ளோ வோல்ட் வெப்பீங்க, டார்ச்சுக்கு?'
'நாலு புள்ளி ரெண்டு. ஃபுல்லு.'
பில் புத்தகத்தின் முதுகில் போட்டுக் காட்டினேன்:
நாலு புள்ளி ரெண்டை அதாலேயே பெருக்கி
ஒண்ணு புள்ளி ரெண்டால் வகுத்தால்
பதினஞ்சு வாட்டுக்குக் கொஞ்சம் கம்மி.
பஞ்சு நனையறதுக்குள்ள கம்பி சிவந்துடுது,
அதான் தொண்டைல கரி.
மூணு புள்ளி மூணுக்கு இறக்குங்க, ஒன்பது வரும்.
எங்க வீட்டு பாத்ரூம் பல்பு ஒன்பது.
'அதுல ஒண்ணுமே தெரியாதேக்கா' என்றான்,
பல்பைச் சொன்னானோ, மூச்சைச் சொன்னானோ.

மே மாசம் திரும்ப வந்தான்.
இந்த முறை தடித்த கம்பி, வெறும் புள்ளி மூணு.
மறுபடி வகுத்துப் பார்த்துவிட்டு
பேனாவைக் கீழே வைத்தேன்.
பதினாலு ஆம்பியர் இழுக்கும்.
எங்க தெருவுல ஏசி போட்டா ஃப்யூஸ் போறதுக்கு
அதுல பாதி போதும்.
உங்க பேட்டரி தாங்குமா? உறையில என்ன போட்டிருக்கு?
உறையே உரிஞ்சு போச்சாம்.
அதை பேன்ட் பையில் போட்டுக்கொண்டு
மவுண்ட் ரோட்டில் பைக் ஓட்டுகிறான்.

'சிகரெட் விட்டு எட்டு மாசம்க்கா.'
நல்லது.
'இத விட முடியல.'
அதற்கு எங்களிடம் மீட்டர் இல்லை.

மூன்று மணிக்குத் தெரு முழுக்க வோல்டேஜ் சரியும்.
ஸ்டெபிலைசர் டக் டக்கென்று மாறி மாறித் தட்டும்,
ஃபேன் ஒவ்வொரு றெக்கையாய் எண்ண விடும்.
மின்சாரம் நிமிரும்வரை அவன் சும்மா நிற்காமல்
ரெண்டு முனையையும் கட்டை விரல்களில் அழுத்திப் பிடித்தான்.
ஒன்பது லட்சம் ஓம்.
ஏழு லட்சம்.
நாலு.
'நான் என்னக்கா, கரைஞ்சுட்டே போறேன்?'
வேர்வைங்க.
மே மாசத்து மெட்ராஸ்ல
யார் தடையும் நின்ன இடத்துல நிக்காது.

ஜூனில் ஒரு மீட்டர் வாங்கினான்.
இருப்பதிலேயே மலிவானது, முந்நூத்தம்பது.
டார்ச்சுக்கா என்று கேட்டேன்.
'வீட்டுக்குத்தான்' என்றான், கண்ணைப் பார்க்காமல்.
அவன் சட்டையில் வேர்வையும்
இருபத்தொன்பது சி பஸ்ஸும்தான் மணத்தன.
காற்று எந்தப் பக்கம் அடித்ததோ.

அவன் போன பிறகு பார்த்தேன்,
கண்ணாடி மேல் அதே டிஷ்யூ பேப்பர்,
உள்ளே அந்தத் தடித்த காயில்.
முனைகளை வைத்தேன். எண் வரவில்லை.
திருப்பிப் போட்டு வைத்தேன். வரவில்லை.
எங்கோ அறுந்திருக்கிறது.
தானாக அறுந்ததா, அறுத்தானா
என்று மீட்டர் சொல்லாது.

ரிமோட்டுக்கு ரெண்டு பென்சில் செல் என்று
வாசலில் யாரோ கேட்கிறார்கள்.
துளசிங்கம் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டார்.