கரண்ட் இல்லாத ஐந்தாம் நாள்

புயல் போய்விட்டது.
மின்கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன.
ஐந்தாம் நாள் அந்தியில்
ஃப்ரீஸரில் இருந்ததையெல்லாம் வழித்து
தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு
வந்து நின்றாள் டிம்ப்னா.
இரண்டு வயல் தூரம்.
பதினொரு வருடம் பிடித்தது.

"உன் அடுப்புக்குக் கரண்ட் வேண்டாமே"
என்றாள்.
நான் அதுகூடச் சொல்லவில்லை.
கதவை விட்டு நகர்ந்தேன்.

அம்மா இறந்த அன்று
இரவுக் கப்பல் பிடித்து வந்தவள் நான்.
ஸ்டேஷனிலிருந்து டாக்ஸி.
காலை ஒன்பது மணிக்கு
உள்ளூர் வானொலியில் மரண அறிவிப்புகள்.
மூன்றாவதாக அம்மா.
இழந்து வருந்துவோர்: மகள் டிம்ப்னா,
மருமகன், பேத்தி கிளீனா,
அண்டை வீட்டார், நண்பர்கள்.
அண்டை வீட்டாருக்குக்கூட இடமிருந்தது.
"பாவம், தெரிந்தவரா?" என்றார் டிரைவர்.
"கொஞ்சம்" என்றேன்.

உயிலில் மட்டும் என் பெயர் விடுபடவில்லை.
ஆறு வருடம் குளிப்பாட்டியவளுக்கு
தண்ணீர் வடியாத இரண்டு வயல்.
கடிதம் மட்டும் போட்டவளுக்கு வீடு.
பூசையில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரம் வரும்.
அவள் இடப்பக்கம், நான் வலப்பக்கம்,
இருவரும் ஒரே மெழுகுவர்த்தியைப்
பார்த்துக்கொண்டிருப்போம்.

கரிமண் கட்டிகளை அடுப்பில் திணித்தேன்.
அரை ஆடு, பன்றி விலா,
கிளீனா வீட்டைவிட்டுப் போனபோது
மிச்சம் வைத்த மீன் துண்டுகள்,
எல்லாம் உருகி ஒழுகிக்கொண்டிருந்தன.
"உப்பு."
"பக்கத்தில்."
"பெரிய சட்டி?"
"அதே இடம்தான்."
அவளுக்குத் தெரியாத அலமாரியா இந்த வீட்டில்.

வண்டியின் அடியில்
பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று.
மூடியில் பிளாஸ்திரி, பிளாஸ்திரியில்
சாய்ந்து சாய்ந்து அம்மாவின் கையெழுத்து:
கூஸ்பெரி. ஜூலை.
அட்ராக்டாவுக்கு, அவள் வரும்போது.

நான் படித்ததை அவள் பார்த்துவிட்டாள்.
கரண்டி கொதியில் நின்றது.
"தூக்கிப்போட முடியவில்லை" என்றாள்,
சட்டியைப் பார்த்து.
"கொடுக்கவும்."

பதினொரு வருடமாகக் கூர்தீட்டி வைத்திருந்த வார்த்தைகள்
என்னிடம் நிறைய இருந்தன.
வாய் திறந்தால் வந்தது இது:
"சர்க்கரை எவ்வளவு போடுவாள்?"
"போடவே மாட்டாள்.
புளிப்புதான் உனக்குப் பிடிக்கும் என்பாள்."
"எனக்குப் பிடிக்காது, டிம்ப்னா.
அவளிடம் சொன்னதே இல்லை."

மூக்கால் ஒரு சத்தம் போட்டாள்.
சிரிப்பு என்று பிறகுதான் புரிந்தது.

ஆளுக்கொரு ஸ்பூன் எடுத்து
டப்பாவிலிருந்தே தின்றோம்.
பாதி ஐஸ், பாதி பழம்.
தாடை கூசியது. கண்ணில் நீர்.
புளிப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

ஜன்னலோரம் பேட்டரி வானொலி.
மாலை அறிவிப்புகள் ஆரம்பித்தன.
இருவரும் கை நீட்டவில்லை.
யாரோ ஒரு ஊர், யாரோ ஒரு கிழவர்,
ஏழு பிள்ளைகள். ஏழும் வாசிக்கப்பட்டன.

"அன்று போனில் பெயர் சொன்னது நான்தான்."
"தெரியும்."
"மறதி இல்லை. யோசித்துத்தான் விட்டேன்."
"அதுவும் தெரியும்."
விலா எலும்பைத் திருப்பிப் போட்டாள்.
"கருகுது" என்றாள்.

ஒன்பதாம் நாள் கரண்ட் வந்தது.
இரண்டு வயலுக்கு அப்பால்
அவள் சமையலறை விளக்கு எரிந்தது.
போன் வரவில்லை. நானும் செய்யவில்லை.

டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.
மூடியில் எழுத்து போகவில்லை.
அவள் விட்டுப்போன கறியை
அதில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை போகலாம்.
மழை விட்டால்.
விடாவிட்டாலும், பூட்ஸ் இருக்கிறது.