ஒரே குழு

பிளாக்டவுனில் அக்டோபர் ஆறு, இரவு.
நாளை பேரோல் வரி.

பன்னிரண்டு லட்சம் டாலர் தாண்டும்வரை
மாநிலம் என்னைக் கண்டுகொள்ளாது என்றிருந்தேன்.
ஆபீஸ் துடைக்கப் பதினொரு பேர், என்னிடம்.
சலவைக்கூடத்தில் ஒன்பது பேர்,
அது சிவநேசன் பொறுப்பு.
தனிக் கணக்கு, தனிச் சாவி,
சித்திரையிலிருந்து பேச்சில்லை.

ஸ்டாவ்ரூலா கண்ணாடியைக் கழற்றினாள்.
"இரண்டிலும் உனக்குப் பாதி, தம்பிக்குப் பாதி.
சட்டத்துக்கு நீங்கள் ஒரே குழு.
விலக்கு வரம்பும் ஒன்றுதான்.
சூப்பரையும் சேர்த்துக் கூட்டு."

அவன் கட்டாவிட்டால்?

"நீ கட்டுவாய்."

மூன்று பெரியப்பாக்கள்
மாறி மாறிப் போன்போட்டும் முடியாததை
ஒரு படிவம்.

எடுத்தான்.
பின்னால் உலர்த்தி உருளும் சத்தம்.
"செப்டம்பர் சம்பளம் எவ்வளவடா?"

கொஞ்ச நேரம் உருண்டது.

"ஓவர்டைமோடயோ, இல்லாமலோ?"