ஓட்டை வாளிக்கு நான்கு மதிப்பெண்

லியபாயாவில் ஜூன் மாதம்
இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போவதில்லை.
பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
நாற்பது மேசைகள், நாற்பது சிவப்புப் பேனாக்கள்.
பால்டிக் காற்று கதவிடுக்கில் நுழைந்து
விடைத்தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு
மதிப்பெண் போடாமல் போகிறது.

ஏழாவது கேள்வி:
நாவலில் த்ரீனே சுமக்கும் ஓட்டை வாளி
எதைக் குறிக்கிறது?

வாரியம் தந்த விடைக்குறிப்பு:
மணவாழ்வு என்றால் நான்கு.
அடிமைப்பட்ட நாடு என்றாலும் நான்கு.
காலம் என்று எழுதி
மேற்கோள் காட்டாவிட்டால் இரண்டு.

இருபத்தாறு வருடமாக
நானும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.
கிணற்றடியிலிருந்து வீட்டு வாசல்வரை
அவள் சிந்திய நீர் உறைந்து
ஒரு கோடாய்க் கிடக்கும் பக்கம் வந்தால்
என் குரல் எனக்கே பிடித்துப்போகும்.
"அவள் வாழ்க்கையே அந்தக் கோடு" என்பேன்.
பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்,
வாழ்க்கை, முக்காற்புள்ளி, கோடு.

தாள் எண் 0417.
சாய்ந்த கையெழுத்து.
ஓரத்தில் எண்ணெய்க் கறை,
புகையூட்டிய மீனாக இருக்கலாம்.

"எங்கள் வீட்டிலும் ஓர் ஓட்டை வாளி உண்டு.
ஓட்டைக்காக யாரும் வாளியைத் தூக்கி எறிவதில்லை.
மூன்றாம் அத்தியாயத்தில் த்ரீனே
ஈயம் வைத்து அடைக்க எட்டுக் காசு கேட்கிறாள்.
யெகாப்ஸ் கொடுக்கிறான்.
சந்தைக்குப் போகும்போது திரும்ப வாங்கிக்கொள்கிறான்.
வரும்போது குடித்திருக்கிறான்.
பதினோராம் அத்தியாயத்தில்
அவளே மெழுகும் கந்தலும் வைத்து அடைக்கிறாள்.
அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.
பசுவுக்கும் சமையலுக்கும்
முழு வாளி என்றால் ஆறு நடை.
ஓட்டை வாளி என்றால் ஒன்பது.
நான் நடந்து பார்த்தேன்.
ஆகவே வாளி
மூன்று நடையைக் குறிக்கிறது."

அவ்வளவுதான்.
கீழே பாதிப் பக்கம் வெறுமை.

பக்கத்து மேசை ஆர்விட்ஸிடம் நீட்டினேன்.
கம்பு ரொட்டியைக் கடித்தபடி வாசித்தான்.
"கணக்குப் பரீட்சை நேற்றே முடிந்துவிட்டதே" என்றான்.
"பூஜ்யம் போடு."

நாவலைத் திறந்தேன்.
பதினோராம் அத்தியாயம்.
சூரியன் கடலில் இறங்கும் வர்ணனை,
பென்சிலால் நான் அடிக்கோடிட்டது.
கோடு ஓரிடத்தில் நின்றுவிட்டிருந்தது.
நின்ற இடத்துக்கு அடுத்த சொல்
மெழுகு.

வருடத்துக்கு மூன்று வகுப்பு,
இருபத்தாறு வருடம்,
சூரியனை உரக்க வாசித்துவிட்டு
அந்தக் கந்தலைத் தாண்டிக் குதித்திருக்கிறேன்.
உள்ளுறை தேடி
வாளிக்குள் முழங்கைவரை விட்டவள்
கை நனைந்ததைக் கவனிக்கவில்லை.

எழுதியவருக்காவது தெரிந்திருக்குமா?
அவர் மேசையிலும்
ஒரு கூஜா நிறையத் தண்ணீர் இருந்திருக்கும்.
யாரோ கொண்டுவந்து வைத்தது.
எத்தனை நடை என்று
அவர் கேட்டாரோ என்னவோ.
ஆனால் மெழுகை எழுதியிருக்கிறார்.
அரை வரிதான். எழுதியிருக்கிறார்.

குறியீடு என்று நாம் சொல்வது
தூரத்தில் நிற்பவர்களுக்குத் தெரிவது.
த்ரீனேவுக்கு அது
வலது தோள்.

ஒன்று போட்டேன். அடித்தேன்.
மூன்று போட்டேன், நடைக்கு ஒன்றாக.
நான்காவதைப் போடக் கை வரவில்லை.
பயம்தான், வேறென்ன.
ஆர்விட்ஸ் கையெழுத்திட மறுத்தான்.
இரண்டு பேர் முரண்பட்டால்
தாள் ரீகாவுக்குப் போகும்,
மூன்றாவது ஆளிடம்.
அங்கே என்ன ஆனது என்று
நமக்குச் சொல்லமாட்டார்கள்.

கடைசி டிராமில் ஏறினேன்.
வானம் இன்னும் சாம்பல் வெள்ளையாய்.
மீன்கடை வாசலை ஒருத்தி கழுவிக்கொண்டிருந்தாள்,
நீல பிளாஸ்டிக் வாளி.
வாளி என்று மட்டும் பார்க்க முயன்றேன்.
டிராம் வளைவில் திரும்பும்வரை
முயன்றேன்.