மான் தெரிந்த தையல்

முதல் உடுப்பு நிலாவெளியில் பிரிந்தது.
இடது கக்கம். நேர்த்தையல்.
"மூண்டாவது வீச்சில பட் எண்டு சத்தம் அக்கா,
தண்ணிக்குள்ளயும் கேட்டுது"
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸேறி வந்து
சிரித்துக்கொண்டே விரித்தாள் நுஸ்கியா.
மடிப்பில் இன்னும் உப்பு.

கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடி
நீந்தக் கேட்டவள்.
பருத்திச் சட்டைக்குப் போடுவதை
மீன்தோல் மாதிரித் துணிக்குப் போட்டது நான்.
துணி நீளும், நூல் நீளாது.
இருபத்திரண்டு வருசம் மெஷின் மிதித்தவளுக்கு
இது தெரியாதா என்றால்
தெரியும்.
பெருநாள் அவசரம்.

இன்று லைக்ரா வெட்டுத்துண்டொன்றில்
நீளவாக்காய் ஓட்டிப் பார்த்தேன்.
ஊசி பந்துமுனை; இழையைக் குத்தாது,
விலக்கிக்கொண்டு போகும்.
முதலில் நேர்.
பிறகு ஒடுங்கிய சிக்சாக், அகலம் அரை, நீளம் இரண்டரை.
பிறகு முன்னே போய்ப் பின்னே வந்து
திரும்பவும் போகும் மும்மடி:
பலம்தான், பிழைத்தால்
ஒரு பின்னேரம் முழுக்கப் பிரிக்க வேணும்.
பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்தேன்.
கையால் இழுக்கவில்லை; இழுத்தால் விளிம்பு
டச்சு வளைகுடா அலை மாதிரி நெளியும்.

துண்டை வாசலில் வைத்துவிட்டுத்
தேத்தண்ணிக்கு எழும்பினேன்.
திரும்பினால் மான்.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கிக்
கடைகடையாய்ப் பொலித்தீன் மேயும் கொம்பன்
ஒரு நுனியை மென்றுகொண்டு நிற்கிறது.
மறுநுனியை நான் பிடித்தேன்.
அது பின்வாங்க, நான் விடாமல் நிற்க,
ஒரு முழம் நீலம் இரண்டு முழமானது.

நேர்த்தையல்தான் முதலில் போனது.
பட். பட். பட்.
மும்மடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது,
பக்கத்துத் துணியெல்லாம் சுருங்க.
சிக்சாக்
மெல்லத் திறந்து
கிட்டத்தட்டக் கோடாகி,
மான் தும்மி வாயை விட்டபோது
தன் வளைவுக்குள் திரும்பிப் படுத்தது.

சனிக்கிழமை இரண்டாவது உடுப்பு.
தோளுக்கு மட்டும் நாடா வைத்துத் தைத்தேன்,
அங்கே நீளக்கூடாது.
விளிம்புக்கு இரட்டை ஊசி.
"கக்கத்துக்கு எது போட்டீங்க?"
"மான் சொன்னது."
பைத்தியமோ என்று பார்த்தாள்.

பிறகு இஸ்திரி மேசைக்கும் கதவுக்கும் நடுவில்
கை வீசி நீந்தினாள்,
மூன்று வீச்சு, நாலு, ஐந்து.
கண்ணை மூடிக்கொண்டு
அவள் கக்கத்தடியில் காதைக் கொடுத்தேன்.
தெருவில் யாரோ மீன் விலை கேட்டார்கள்.
வேறொன்றும் கேட்கவில்லை.