மூடாத எல்லை

முப்பத்தோராண்டு கென்டக்கியின் மேடுபள்ளங்களை
அளந்து திரிந்த நில அளவையாளன் நான்.
ஓய்வு பெற்ற பின் அளக்க ஒன்றும் மிஞ்சாமல்
என் பெயரை அளக்கத் தொடங்கினேன்.

மாவட்ட நீதிமன்றத்தின் கீழ்த்தளம்.
எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும்.
செவ்வாய்தோறும் எழுத்தர் டெல்ஃபா
தோலட்டைப் பேரேட்டைக் கைக்குழந்தைபோல் ஏந்திவந்து
மேசையில் கிடத்துவாள்.
"இன்றைக்காவது கிடைப்பாரா உங்கள் ஆள்?"

கிடைத்தார். மூன்று பேராக.
1792 வரிப்பட்டியலில் அசரியா பென்னிக், குதிரை இரண்டு.
1794இல் அசரியா பின்னாக், குதிரை ஒன்று.
அடுத்த ஆண்டு எசரா பேனிக். குதிரை இல்லை.

எழுதத் தெரிந்தவன் காதில் விழுந்ததை எழுதினான்.
தெரியாதவன் தலையாட்டிவிட்டு வரி கட்டினான்.
குதிரைகள் குறைந்துவந்த ஒழுங்கை வைத்துத்தான்
மூவரும் ஒருவரே என்று தேர்ந்தேன்.
வறுமைக்கு எழுத்துப்பிழை கிடையாது.

எங்கள் குடும்பத்தில் வழங்கும் கதை வேறு:
மலையிடுக்கில் முதல் ஆளாய் நுழைந்தவர்,
கரடியைக் கைக்கோடரியால் முடித்தவர்.
ஆகஸ்டு மாதம் உறவெல்லாம் கூடும் நாளில்
பனியனில் அச்சடித்து மாட்டிக்கொள்வோம்,
கீழே கரடி, அதன்மேல் ஒரு கால்.

பேரேட்டில் கரடி இல்லை.
கடைக்காரன் போட்ட கடன் வழக்கு இருக்கிறது:
உப்பு, அரை ராத்தல் ஆணி,
மூன்று முழம் நீல ரிப்பன்.
உப்புக்கும் ஆணிக்கும் மான்தோல் கொடுத்துத் தீர்த்திருக்கிறார்.
ரிப்பன் பாக்கி நிற்கிறது.

பிறகு, 1797இல் நிலத்தை விற்ற பத்திரம்.
'கருகிய வயலின் மேற்கு மூலையில் நிற்கும்
வெள்ளை ஓக்கில் தொடங்கி
வடகிழக்காக நூற்றிருபது கோல் ஓடைக்கு,
ஓடையோடு வளைந்து இரட்டைப் பாப்லருக்கு,
அங்கிருந்து தொடங்கிய இடத்துக்கு.'

வீட்டில் தாள் விரித்து வரைந்தேன்,
பாகைக்குப் பாகை, கோலுக்குக் கோல்.
கடைசிக் கோடு முதற்புள்ளியைத் தொடவில்லை.
பதினொரு கோல் இடைவெளி.
மூடாத எல்லை என்போம் எங்கள் தொழிலில்.
பிழை கடைசிக் கோட்டில் இருக்காது,
நடுவில் எங்கோ யாரோ அவசரப்பட்டிருப்பார்கள்.
திரும்ப முதலிலிருந்து வந்தேன்.

கருகிய வயல்.
நூறு முறை தாண்டிப்போன சொல்
அன்று காலை இடறியது.
காட்டை வெட்ட முதல் ஆள் வருமுன்பே
அங்கே வயல் இருந்திருக்கிறது.
தானாகவா கருகும் வயல்?
பத்திரம் மூச்சுவிடவில்லை.
விதைத்தவர்களுக்குப் பட்டியல் இல்லை,
பிழையாக எழுதவும் ஒரு பெயர் இல்லை.

பத்திரத்தின் அடியில் இரண்டு குறிகள்.
அவருடையது வெறும் பெருக்கல்குறி.
பக்கத்தில் 'மேற்படியார் மனைவி' என்று எழுதி
பெயருக்கு விட்ட இடம் நிரப்பப்படவே இல்லை.
அவள் இட்ட குறி மட்டும்
ஒரு சுழி, இரண்டு வால்கள்.
ரிப்பன் முடிச்சு என்று சொல்ல நாக்கு துடிக்கிறது.
ஆசையை அளவென்று பதியக்கூடாது,
அது எங்கள் முதல் பாடம்.
பேனா சறுக்கியிருக்கலாம்.

அக்டோபரில் திசைகாட்டியோடு போனேன்.
ஓக் இல்லை. பாப்லர் இல்லை.
பதினொரு கோல் இடைவெளி இருக்கவேண்டிய இடத்தில்
டயர் கடையின் பின்புறம்,
மழைநீர் நிரம்பிய டயர்கள்.
கடைக்காரர் எட்டிப்பார்த்து
ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்றார்.
இல்லை என்றேன். அது சரியான பதிலா
என்று இன்னும் தெரியவில்லை.

இந்த ஆண்டு பனியனில் என்ன போடலாம் என்று
சித்தப்பா மகன் ராய்ஸ் கேட்டான்.
'குதிரை இல்லை' என்று போடு என்றேன்.
வயிறு குலுங்கச் சிரித்தவன்
கரடியையே போட்டான்.

நானும் மாட்டிக்கொண்டேன்.
அளவு சரியாக இருந்தது.